2020க்கு எதிரே ஒரு கோடு: பிரான்ஸ் ஃபுட்பால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்ஸ் ஃபுட்பால் இதழின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கு நீங்கள் தரும் பாலன் டி'ஓர் விருதின் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போனால், 1956இல் ஸ்டான்லி மேத்யூஸ் தொடங்கி ஆண்டுக்கு ஒரு பெயர் வருகிறது. 2019இல் மெஸ்ஸி. 2021இல் மெஸ்ஸி. இடையில் 2020க்கு எதிரே பெயரில்லை, ஒரு கோடுதான். கோவிட் தொற்றைக் காரணம் காட்டி அந்த ஆண்டு விருதையே ரத்து செய்தீர்கள். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் மேசைக்கு இது வந்து சேரும் என்ற நப்பாசை எனக்கில்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரும் விழித்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற ஒரு கூட்டம் இங்கேயும் இருக்கிறது. அவர்களாவது படிக்கட்டும்.

அந்த ஆண்டு விருது இவருக்குத்தான் என்று பலரும் நம்பிய போலந்து ஸ்டிரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரர், ராபர்ட் லெவண்டோவ்ஸ்கிக்காகக் கண்ணீர் விட நான் வரவில்லை. அவர் வென்ற கோப்பைகளை அடுக்கவே தனி அலமாரி வேண்டும். அநியாயம் என்று கூவுவதற்கும் இது நேரமில்லை, ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஒரே ஒரு கோரிக்கை உண்டு. அதைச் சொல்லும் முன், நீங்கள் புத்தகத்தை மூடியபோது அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும்.

வார்சாவுக்குப் பக்கத்தில் லெஷ்னோ என்ற சிற்றூர். அப்பா ஜூடோ வீரர், உடற்கல்வி ஆசிரியர். அம்மா கைப்பந்து வீராங்கனை. 1988 ஆகஸ்டில் பையன் பிறந்தபோது வைத்த பெயர் ராபர்ட். என்றாவது வெளிநாட்டில் போய் ஆடினால் அங்குள்ளவர்கள் வாயில் சுலபமாக நுழையட்டும் என்பதற்காகவே அந்தப் பெயராம். போலந்தில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி, பாஸ்போர்ட் என்பது குடிமகன் தன் மேசை அறையில் வைத்துக்கொள்ளும் பொருளல்ல. அந்தக் காலத்தில் ஓர் அப்பா பச்சைக் குழந்தைக்கு வெளிநாட்டு வாழ்க்கையை மனதில் வைத்துப் பெயர் வைத்திருக்கிறார். அந்த அப்பா மகன் பதினாறு வயதில் இருக்கும்போதே இறந்துபோனார். மகன் தொழில்முறையாக ஒரு ஆட்டம் ஆடிக்கூட அவர் பார்க்கவில்லை.

சிறுவன் ஒல்லி. 'போபெக்' என்பது செல்லப் பெயர். இன்னும் கொஞ்சம் இறைச்சி தின்னுடா என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நாட்டின் பெரிய கிளப்பான லெகியா வார்சாவின் இரண்டாம் அணியில் இடம் கிடைத்தது, கூடவே காயமும் வந்தது. 2006இல் லெகியா அவரை வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவும் இல்லை, கிளப்பும் இல்லை. ஸ்னிச் புருஷ்குஃப் என்ற மூன்றாம் நிலை அணி சுமார் 5,000 ஸ்வோட்டிக்கு (போலந்து நாணயம்) அவரை எடுத்துக்கொண்டது. அங்கே முதல் சீசனில் 15 கோல், அணி மேலேறியது. இரண்டாம் சீசனில் 21 கோல். இரண்டு முறையும் அந்தந்த லீகில் அவர்தான் அதிக கோல் அடித்தவர். 2008இல் போலந்தின் முதல்நிலை லீக் அணியான லெக் போஸ்னான் அவரை வாங்கியபோது விலை சுமார் 15 லட்சம் ஸ்வோட்டி. இரண்டே ஆண்டில் 300 மடங்கு. அதே கோடையில் லெகியா ஸ்பெயினிலிருந்து வேறொரு ஸ்டிரைக்கரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இதை நினைத்து வார்சாவில் இன்றும் தலையில் அடித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

2010இல் போலந்து லீகில் 18 கோலுடன் முதலிடம், அணிக்குச் சாம்பியன் பட்டம். அந்த ஏப்ரலில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பைப் பார்க்கப் போவதாக இருந்தார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது, ஐரோப்பா முழுக்க விமானங்கள் தரையில் நின்றன, பயணம் நடக்கவில்லை. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கிளப்புக்குப் போனார். எரிமலை ஒரு வாரம் தள்ளி வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. பிளாக்பர்ன் 2012இல் பிரீமியர் லீகிலிருந்தே இறங்கிவிட்டது.

டோர்ட்முண்டில் முதல் சீசன் சுமார்தான். முன்வரிசையில் பாரியோஸ் இருந்தார், இவருக்குப் பெரும்பாலும் பெஞ்ச், அல்லது ஸ்டிரைக்கருக்குப் பின்னால் ஓரிடம். லீகில் 8 கோல். பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் ஒரு பந்தயம் கட்டினாராம்: ஒரு பயிற்சியில் பத்து கோல் அடித்தால் நான் உனக்கு 50 யூரோ, அடிக்காவிட்டால் நீ எனக்கு. ஆரம்ப வாரங்களில் பணம் க்ளோப்பின் பைக்கே போனது, பிறகு திசை மாறியது என்று லெவண்டோவ்ஸ்கியே சொல்லியிருக்கிறார். 2011 செப்டம்பரில் மார்செயில் 3–0 என்று தோற்று வந்தபின் பயிற்சியாளரிடம் நேரே போய், என்னிடம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள் என்று உட்கார்ந்து பேசினார். அடுத்த ஆட்டத்தில் ஆக்ஸ்பர்க் அணிக்கு எதிராக ஹாட்ரிக், மூன்று கோல். அந்த சீசனில் லீகில் 22 கோல், ஜெர்மன் கோப்பை இறுதியில் பயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக இன்னொரு ஹாட்ரிக். 2013 ஏப்ரல் 24 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நான்கு கோல்கள். அந்த இரவில்தான் எங்களில் பலருக்கு அவர் பெயரைத் தப்பில்லாமல் எழுத வந்தது.

பிறகு பயர்ன். அங்கே எட்டு ஆண்டில் 375 ஆட்டம், 344 கோல். 2015 செப்டம்பரில் வொல்ஃப்ஸ்பர்க் அணியிடம் 0–1 என்று பின்தங்கியிருந்தபோது இடைவேளைக்குப் பின் இறங்கி, 51ஆம் நிமிடத்துக்கும் 60ஆம் நிமிடத்துக்கும் இடையில் ஐந்து கோல். ஐந்தாவதை உடம்பை அந்தரத்தில் சாய்த்து அடித்தபோது பயிற்சியாளர் குவார்டியோலா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கின்னஸ்காரர்கள் நான்கு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த ஆண்டு உங்கள் பட்டியலில் அவருக்கு நான்காமிடம், அதில் எனக்குக் குறையில்லை. மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மாருக்குப் பின்னால் நிற்பது கேவலமா என்ன?

இந்த ஆளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பதினெட்டு வயதில் உலகம் அண்ணாந்து பார்த்த மேதை அல்ல அவர். படி படியாக ஏறியவர். ஒவ்வொரு படியிலும் முதலில் வேண்டாம் என்றார்கள், அல்லது கொஞ்சம் பொறு என்றார்கள். முப்பதுக்குப் பிறகு ஸ்டிரைக்கர்கள் தேயத் தொடங்கும் வயதில் இவர் கூராகிக்கொண்டே போனார். சாப்பாட்டில் இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார் என்று பத்திரிகைகளில் வந்தது. இதை ஏதோ விஞ்ஞான அதிசயமாக எழுதினார்கள். வாழையிலை விருந்தில் முதலில் இனிப்பைத் தொடு என்று பாட்டிகள் சொல்வது இங்கே எந்தக் காலத்திலிருந்தோ நடக்கிறது. போகட்டும்.

இனி 2020.

2019–20 சீசனில் அவர் பயர்னுக்காக 47 ஆட்டத்தில் 55 கோல் அடித்தார். லீகில் 34, சாம்பியன்ஸ் லீகில் 15, ஜெர்மன் கோப்பையில் 6. மூன்று போட்டியிலும் அதிக கோல் அவருடையது, மூன்று கோப்பையும் பயர்னுக்கு. லீகை உறுதி செய்த பிரேமன் ஆட்டத்தில் ஒரே கோல் விழுந்தது, அதுவும் அவருடையது. கோப்பை இறுதியில் இரண்டு.

உங்கள் அறிவிப்பு வந்தது ஜூலை 20. அந்தத் தேதியை நான் மறக்கவில்லை. ஸ்பெயின் லீக் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. இங்கிலாந்தும் இத்தாலியும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீகின் கடைசி எட்டு அணிகள் இறங்க மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. பயர்ன் பார்சிலோனாவை 8–2 என்று அடித்தது ஆகஸ்ட் 14. கோப்பையைத் தூக்கியது ஆகஸ்ட் 23. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துத் தாளைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆண்டு மதிப்பெண்ணே கிடையாது என்று தேர்வு முடியும் முன்பே பலகையில் எழுதிப்போட்ட பள்ளியை நான் பார்த்ததில்லை.

நீங்கள் சொன்ன காரணங்களை அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். வழக்கமான சூழலில் ஆடப்பட்டது ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் மட்டுமே. அதன்பின் காலி அரங்கங்கள், ஐந்து மாற்று வீரர்கள், சாம்பியன்ஸ் லீகின் கடைசிக் கட்டம் ஒற்றை ஆட்டங்களாகச் சுருக்கம். எல்லோருக்கும் ஒரே தராசு இல்லை என்பது உங்கள் வாதம். அதில் பாதி உண்மை. உங்கள் நாட்டு லீக் ஏப்ரல் கடைசியிலேயே நின்றுவிட்டது. பாரிஸ் அணியின் எம்பாப்பேயும் நெய்மாரும் லீக் கோல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வழியில்லாமல் போனது. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளில் மற்ற நான்கும் மீண்டும் தொடங்கி ஆடி முடித்தன. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதற்காக ஊர் முழுக்கப் பட்டினி என்று சொல்ல முடியுமா? சொன்னால் கோபப்படுவீர்கள், ஆனால் அந்த அடுப்பு பாரிஸில் இல்லாமல் வேறெங்காவது அணைந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா என்ற சந்தேகம் ரசிகர்களிடையே அப்போதே இருந்தது. எனக்கும் இருந்தது. ஆதாரமில்லாத சந்தேகம், அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

காலி அரங்கம் யாருக்கு உதவியது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆரவாரம் இல்லாத மைதானத்தில் கோல்கம்பம் அகலமாகிவிடுமா? 2020 பிப்ரவரியில், லண்டனில் நிறைந்த அரங்கில் செல்சிக்கு எதிராக ஒரு கோல் போட்டவர், ஆகஸ்டில் யாருமில்லாத மியூனிக்கில் அதே செல்சிக்கு இரண்டு போட்டார். சத்தம் இருந்தபோதும் அடித்தார், இல்லாதபோதும் அடித்தார்.

உண்மையில் உங்கள் பக்கம் வலுவான ஒரு வாதம் இருந்தது, அதை நீங்கள் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். அப்போது உங்கள் விருது காலண்டர் ஆண்டுக்குத்தான், சீசனுக்கு அல்ல. அந்த 15 சாம்பியன்ஸ் லீக் கோல்களில் பத்து 2019இன் குழு ஆட்டங்களில் வந்தவை. பெல்கிரேடில் கால் மணி நேரத்துக்குள் அடித்த நான்கும் அதில் சேர்த்தி. விதிப்படி அவை 2019இன் கணக்கு. 2019இல் நீங்கள் அவருக்குக் கொடுத்தது எட்டாமிடம். ஆக ஒரே சீசனை நடுவில் அறுத்து, முதல் பாதிக்கு எட்டாமிடமும் இரண்டாம் பாதிக்கு ஒரு கோடும் கொடுத்தீர்கள். பிறகு 2022 மார்ச்சில் நீங்களே விதியை மாற்றி, இனி சீசன்தான் கணக்கு என்றீர்கள். நல்ல மாற்றம். இரண்டு வருடம் தாமதமாக வந்த நல்ல மாற்றம். (அதே மாற்றத்தில் வாக்களிக்கும் நாடுகளை ஃபிஃபா தரவரிசையின் முதல் நூறோடு நிறுத்தினீர்கள். எங்கள் இந்தியா அப்போது நூறுக்கு வெளியே. எனவே இந்த விஷயத்தில் பேச எனக்கு வாயில்லை என்று நீங்கள் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு.)

2021ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த லீக் சீசனில் 29 ஆட்டத்தில் 41 கோல். 1971–72இல் கெர்ட் முல்லர் வைத்த 40 என்ற சாதனை, உடைக்கவே முடியாதது என்று ஜெர்மனி நம்பியது. கடைசி நாள், ஆக்ஸ்பர்க் அணிக்கு எதிராக, கடைசி நிமிடத்தில் அது உடைந்தது. நாற்பதாவது கோலை அடித்த நாளில் சட்டையைத் தூக்கி உள்ளே முல்லரின் படத்தைக் காட்டினார். இத்தனைக்கும் நடுவே அன்டோரா ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டுப் பல வாரம் வெளியே இருந்தவர். அந்த நவம்பர் 29 அன்று உங்கள் விழாவில் மெஸ்ஸிக்கு 613 புள்ளி, இவருக்கு 580. தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா வென்ற மெஸ்ஸிக்கு வாக்களித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாக்கெடுப்பு நடந்தது, தோற்றார், கணக்கு முடிந்தது. அதுதான் முறை. அன்று மேடையில் தங்கப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே மெஸ்ஸி உங்களிடம் சொன்னார்: போன வருடத்து விருது ராபர்ட்டுக்கு உரியது, அதை நீங்கள் கொடுக்க வேண்டும் என்று. உங்கள் மேடை, உங்கள் மைக், ஏழாவது முறையாக உங்கள் விருதை வாங்கியவர்.

அன்று நீங்கள் லெவண்டோவ்ஸ்கிக்குக் கொடுத்தது, புதிதாக உண்டாக்கிய 'ஆண்டின் சிறந்த ஸ்டிரைக்கர்' விருது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வைத்த மாலையை இன்னொருவர் கழுத்தில் போட்டுவிட்டு, அவர் கையில் தாம்பூலப் பையைக் கொடுத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

போனதைத் திருத்த முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்களே திருத்தியிருக்கிறீர்கள். 1995 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே என்று வைத்திருந்த விருதை, 2016இல் அறுபதாம் ஆண்டுக்காக மறுபடி புரட்டிப் பார்த்தீர்கள். அந்த விதி இல்லாதிருந்தால் 39இல் 12 விருதுகள் தென்னமெரிக்கர்களுக்குப் போயிருக்கும் என்று நீங்களே அச்சிட்டீர்கள். பெலேவுக்கு ஏழு, மாரடோனாவுக்கு இரண்டு, கர்ரிஞ்சா, கெம்பெஸ், ரொமாரியோவுக்கு ஒவ்வொன்று. பழைய வெற்றியாளர்களிடமிருந்து எதையும் பிடுங்காமல் அதைச் செய்தீர்கள். 1958ஆம் ஆண்டை 2016இல் திறக்க முடிந்தவர்களுக்கு 2020ஐத் திறக்க எது தடை? இதில் யாரிடமும் பிடுங்க வேண்டியதுகூட இல்லை. அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

போலந்துக்காரர்களுக்கு இது ஏன் உறுத்துகிறது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கம்யூனிஸ்ட் காலத்தில் அவர்களுடைய ஆட்டக்காரர்களை இளமையில் வெளியே விடமாட்டார்கள். பெரும்பாலும் முப்பதைத் தொட்ட பிறகுதான், போய்ச் சம்பாதித்துக்கொள் என்று அனுமதி வரும். 1974 உலகக் கோப்பையில் 7 கோலுடன் முதலிடம் பெற்ற லாட்டோ மியலெட்ஸ் என்ற ஊர் கிளப்பில்தான் தொடர்ந்து ஆடினார். பெல்ஜியத்தின் லோக்கரனுக்குப் போகும்போது ஆண்டு 1980, வயது முப்பது. அதே ஆண்டு இன்னொரு போலந்து ஸ்டிரைக்கர் ஷர்மாக் உங்கள் நாட்டு ஒசேர் அணிக்கு வந்து, மிச்சமிருந்த காலத்திலேயே லீகில் நூறை நெருங்கும் அளவுக்குக் கோல் அடித்தார். இருபத்து நான்கு வயதில் வந்திருந்தால் எவ்வளவு அடித்திருப்பார் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். 1974இல் உங்கள் பட்டியலில் போலந்தின் தெய்னா மூன்றாமிடம் வந்தார். 1982இல் யுவென்டஸ் போன போனியெக் மூன்றாமிடம். முதலிடத்தில் இதுவரை ஒரு போலந்துக்காரரும் இல்லை. எல்லை திறந்த பிறகு வளர்ந்த தலைமுறையில், இருபத்தோரு வயதிலேயே வெளியே போய், ஐரோப்பாவின் கண்ணெதிரே பதினைந்து ஆண்டு வாராவாரம் ஆடிக் காட்டியவர் இவர். அந்த நாட்டுக்கு முதல் முறையாக முதலிடம் எட்டும் தூரத்தில் வந்த வருடம் பார்த்துக் கடையை அடைத்துவிட்டீர்கள்.

அதன்பின் அவர் சும்மா இருக்கவுமில்லை. 2022இல் பார்சிலோனா, முதல் சீசனிலேயே 23 கோலுடன் ஸ்பெயின் லீகில் முதலிடம். 2024 நவம்பரில் சாம்பியன்ஸ் லீகின் நூறாவது கோல். அவருக்கு முன் அங்கே போனவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே. 2025 ஜூனில் தேசிய அணியின் கேப்டன் பட்டையைப் பறித்தார்கள், இந்தப் பயிற்சியாளரிடம் ஆடமாட்டேன் என்றார், நான்கே நாளில் பயிற்சியாளர் விலகினார். அந்தச் சண்டையில் இவர் பக்கமும் முழு நியாயம் இருந்ததாக எனக்குப் படவில்லை. புதிதாக வந்த யான் உர்பான் பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த உர்பானும் வெளிநாட்டில் ஆடிய போலந்து ஸ்டிரைக்கர்தான். 1990 டிசம்பரில் ஒசாசுனாவுக்காக ரியல் மாட்ரிட்டை அவர்கள் சொந்த மைதானத்திலேயே ஹாட்ரிக் அடித்துச் சாய்த்தவர்.

இப்போது கோரிக்கை. லெவண்டோவ்ஸ்கிக்கு விருதைத் தபாலில் அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. வாக்கெடுப்பை நடத்துங்கள். 2020இல் வாக்களிக்க வேண்டியிருந்த அதே பத்திரிகையாளர்களுக்கு, அன்றிருந்த அதே விதியோடு, காலண்டர் ஆண்டுக் கணக்கோடேயே, சீட்டை அனுப்புங்கள். பயர்ன் கோல்கீப்பர் நாய்யர் வென்றாலும் சரி, மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய டி ப்ரூயன் வென்றாலும் சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த டிசம்பரில் ஃபிஃபா அதே தொற்றுக்கு நடுவே வாக்கெடுத்துத் தன் விருதை இவருக்குக் கொடுத்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நீங்களும் அந்த டிசம்பரில் சும்மா இல்லை. எல்லாக் காலத்துக்குமான கனவு அணி என்று ஒன்றுக்கு வாக்கெடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கால கோல்கீப்பர் யாஷினையும் தடுப்பாட்டக்காரர் மல்தீனியையும் தேர்ந்தெடுக்க நேரம் இருந்திருக்கிறது.

சீக்கிரம் செய்தால் நல்லது. ஆட்டக்காரர் முப்பத்தேழைத் தாண்டிவிட்டார். விழா வேண்டாம், சிவப்புக் கம்பளம் வேண்டாம். வாக்குகளை எண்ணி, வந்த பெயரை அந்தக் கோட்டின் மேல் எழுதினால் போதும். ஒருவேளை அவர் பெயரே வந்தால் எழுத்துக்கூட்டிச் சிரமப்பட வேண்டாம், குடும்பப் பெயரை விட்டுவிட்டு ராபர்ட் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வாயில் நுழையட்டும் என்றுதான் அவர் அப்பா அந்தப் பெயரை வைத்தார்.

இப்படிக்கு,
2020 ஆகஸ்ட் 24 விடியும்வரை தூங்காமல் பார்த்த ஒரு ரசிகன்